ஆர்டிசோக் கறுத்தால், கசந்தால், பச்சையானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காயைச் சமைப்பவர்களிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: எலுமிச்சை. கறுத்தால் எலுமிச்சை, கசந்தால் எலுமிச்சை, நிறம் மங்கினால் எலுமிச்சை. முதல் குறைக்கு அது சரியான மருந்து. இரண்டாவதற்கு அதனால் பெரிய பயன் இல்லை. மூன்றாவது குறையை உண்டாக்குவதே எலுமிச்சைதான். எந்தக் குறை எதனால் வருகிறது என்று தெரியாமல் பழத்தைப் பிழிந்துகொண்டே இருப்பதால் நல்ல காய்கள் வீணாகின்றன. விலை கொடுத்து வாங்கும் பொருள் வீணாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையாக நான்கு பொருட்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளோரோஜெனிக் அமிலமும் சைனரின் போன்ற அதன் உறவுப் பொருட்களும் ஒன்று. இவை பீனால் வகையைச் சேர்ந்தவை. நிறம் மாறும் சிக்கல்கள் பெரும்பாலும் இவற்றால் வருகின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இரண்டாவது. சைனரோபிக்ரின் என்ற கசப்புப் பொருள் மூன்றாவது. இனுலின் என்ற மாவுப்பொருள் நான்காவது. வயிற்றுக் கோளாறு அதனுடையது.

நாம் சாப்பிடுவது இச்செடியின் விரியாத மொட்டு. வெளியே அடுக்கடுக்காகச் செதில்கள். அவை ஒட்டியிருக்கும் சதைப்பற்றான அடிப்பகுதி பூத்தளம். மொட்டிலேயே சுவையான இடம் அதுதான். பூத்தளத்தின் மேல் பஞ்சுபோல் அடர்ந்திருப்பவை பின்னால் பூக்களாக மலர வேண்டிய இழைகள். அதை நடுப்பஞ்சு என்று சொல்லிக்கொள்வோம்.

வெட்டிய இடம் சில நிமிடங்களில் பழுப்பாகிக் கறுக்கிறது

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றே. பீனால்கள் செல்லின் ஓர் அறையிலும் நொதி வேறோர் அறையிலும் பிரிந்து கிடக்கின்றன. கத்தி படும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்ததும் நொதி பீனால்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறமிகளாகின்றன. வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடும் நம் வழக்கத்துக்கும் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான்: புளிப்பு கூடினால் நொதியின் வேகம் குறைகிறது.

எலுமிச்சைச் சாறு இந்த நொதியை மூன்று வழிகளில் மடக்குகிறது. அமிலத்தன்மையைக் கூட்டி நொதியை மந்தமாக்குகிறது. நொதி வேலை செய்யத் தேவையான தாமிர அணுவை அதிலுள்ள சிட்ரிக் அமிலம் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. உருவான குயினோன்களை வைட்டமின் சி மறுபடி பீனால்களாகவே மாற்றிவிடுகிறது. வினிகரில் இவற்றில் முதலாவது மட்டுமே உண்டு. ஆகவே வினிகரைவிட எலுமிச்சை மேல்.

செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு பழச்சாறு. பிழிந்த மூடியைத் தூக்கி எறியாமல் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டுமுகத்தில் தேய்க்கவும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியே வேண்டும். பழைய இரும்புக் கத்தியால் வெட்டினால் வேறொரு கறுப்பும் சேர்ந்துகொள்ளும். அதைச் சற்றுக் கீழே பார்ப்போம்.

எலுமிச்சைத் தண்ணீரில் போட்ட பிறகும் கறுத்துவிட்டது

முதலில் துண்டுகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்டிசோக் மிதக்கும். தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு தட்டையோ ஈரத் துணியையோ மேலே போட்டு அமுக்கி வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் கறுத்தால் நேரம்தான் காரணம். குயினோனைத் திருப்பி மாற்றும்போதெல்லாம் வைட்டமின் சி தானும் செலவாகிறது. அது தீர்ந்ததும் கறுப்பு தொடங்கும். முதல் கால் மணி நேரம் வெண்மையாக இருந்த துண்டுகள் பிறகு நிறம் மாறுவது இதனால்தான். அதற்காகக் கூடுதலாகப் பழம் பிழிந்து மணிக்கணக்கில் ஊறவைப்பது எனக்கு உடன்பாடில்லை. பூத்தளத்தின் மெல்லிய கொட்டைச்சுவை தண்ணீரில் கரைந்துபோய், வாயில் எலுமிச்சை மட்டும் நிற்கும். ஸ்பெயினில் பல சமையல்காரர்கள் எலுமிச்சைக்குப் பதிலாகப் பார்ஸ்லித் தழையைக் கசக்கித் தண்ணீரில் போடுகிறார்கள். எலுமிச்சை வாசம் வேண்டாதவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். வைட்டமின் சி தூள் கிடைத்தால் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி போதும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான வழி சூடு. நொதி ஒரு புரதம். கொதிநீரில் அது செயலிழக்கும். ஆனால் துண்டுகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீர் மெதுவாகச் சூடேறும் வேளையில் நொதிக்குப் பிடித்த வெதுவெதுப்பான கட்டம் நீண்டுகொண்டே போகும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு துண்டுகளைப் போடுங்கள்.

வேகும்வரை வெள்ளை, ஆறியதும் நீலம் கலந்த சாம்பல்

இதற்கும் நொதிக்கும் தொடர்பில்லை. நொதிதான் வெந்து அழிந்துவிட்டதே! இங்கே குற்றவாளி இரும்பு. குளோரோஜெனிக் அமிலம் இரும்போடு சேர்ந்து ஒரு கூட்டுப்பொருளாகிறது. சூடாக இருக்கும்வரை அதற்கு நிறம் இல்லை. ஆறும்போது காற்றுபட்டு அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் கருநீலம் எழுகிறது. இரும்பு வாணலி, இரும்புக் கத்தி, இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகிய மூன்றில் எதிலிருந்தும் இது வரலாம். அலுமினியப் பாத்திரத்திலும் நிறம் கெடும். பாத்திரத்திலும் கறை படியும்.

எஃகு அல்லது எனாமல் பாத்திரத்துக்கு மாறுங்கள். தண்ணீரில் ஐயம் இருந்தால் வடிகட்டிய நீரில் ஒருமுறை வேகவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் எலுமிச்சை உண்மையாகவே உதவும்: சிட்ரிக் அமிலம் இரும்பைத் தானே பற்றிக்கொண்டு பீனாலுக்குக் கிடைக்காமல் செய்கிறது. சாம்பல் பூத்த துண்டுகளைச் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை. பார்வைக்குத்தான் மங்கல்.

பச்சைச் செதில்கள் காக்கி நிறமாகிவிட்டன

எலுமிச்சை குறையை உண்டாக்கும் இடம் இதுதான். பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூட்டில் அமிலம் அதை வெளியே தள்ளிவிட்டால், மிஞ்சுவது காக்கி நிறப் பொருள். தண்ணீரில் புளிப்பு கூடக்கூட இது விரைவாக நடக்கும். அதற்காகச் சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும். ஆனால் செதில் குழைந்து, சவர்க்காரச் சுவை வந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: பூத்தளம் வெண்மையாக வேண்டுமா, செதில் பச்சையாக வேண்டுமா? பூத்தளத்தை மட்டும் சமைப்பதென்றால் எலுமிச்சை. முழுமொட்டாக வேகவைத்தால் வெட்டுமுகத்தில் மட்டும் தேய்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் மூடாமல் வேகவைக்கலாம். காயிலிருந்து வெளிவரும் ஆவியோடு கொஞ்சம் அமிலமும் போய்விடும். ஊதாநிற வகைகளின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமிகளால் வருவது. அது எப்படிச் சமைத்தாலும் பெரும்பாலும் போய்விடும். அதற்காக வருந்த வேண்டாம்.

முட்டை அடையில் சேர்த்ததும் பச்சையாகிறது

இத்தாலியச் சமையலில் ஆர்டிசோக் முட்டை அடை மிகப் பழகிய உணவு. அது பச்சைப்பாசி நிறமாகிவிட்டது என்ற புலம்பலும் அங்கே பழகியதே. பலர் முட்டை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கொட்ட வேண்டியதில்லை. குளோரோஜெனிக் அமிலத்திலிருந்து வரும் குயினோன்கள், காரத்தன்மை உள்ள சூழலில் புரதங்களின் அமினோ பகுதிகளோடு சேர்ந்தால் பச்சை நிறமி உருவாகும். முட்டையின் வெள்ளைக்கரு காரத்தன்மை கொண்டது. சமையல் பொருட்களில் இது அபூர்வம். ஆர்டிசோக்கின் குடும்பத்தைச் சேர்ந்த சூரியகாந்தியின் விதை மாவில் சோடா போட்டுச் சுடும் பிஸ்கட் ஆறியதும் பச்சையாவது இதே வினையால்தான்.

துண்டுகளை முன்பே வதக்கிச் சில சொட்டு எலுமிச்சை விட்டு முழுவதும் ஆறவையுங்கள். அடுப்பில் ஊற்றும் நேரத்தில் மட்டும் முட்டையோடு கலக்குங்கள். கலந்த கரைசலை வைத்திருந்து மறுநாள் ஊற்றினால் பச்சை வந்தே தீரும்.

கசக்கிறது

சைனரோபிக்ரின், செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற செடிப்பொருள் வகையைச் சேர்ந்தது. 1960இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். செடி தன்னைத் தின்ன வரும் உயிர்களை விரட்டவே இதைச் சேர்த்து வைக்கிறது. ஆகவே இது செடி முழுவதும் சமமாக இல்லை. நீண்ட பச்சை இலைகளில் மிகுதி, வெளிச்செதில்களில் குறைவு, பூத்தளத்தில் மிகமிகக் குறைவு. கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

தண்டு மட்டும் கசந்தால் சீவியது போதவில்லை என்று பொருள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நார்க்குழாய்கள் ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் போக வேண்டும். உள்ளே இருக்கும் வெளிர்நிறத் தண்டு பூத்தளத்தைப் போலவே இனிப்பானது. அதைத் தூக்கி எறிபவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்தத் தோன்றும். செதில் கசந்தால் வெளியடுக்குகளை இன்னும் தாராளமாகப் பிய்த்துப் போடுங்கள். வெளிர்மஞ்சள் செதில் தெரியும்வரை போகலாம். பூத்தளமே கசந்தால் மொட்டு முற்றிவிட்டது. அல்லது வெயில் ஏறிய பருவத்தில் பறித்தது. அதைச் சரிசெய்ய வழி குறைவு. நிறையத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் சமைத்தால் கொஞ்சம் குறையும். உப்பு கசப்பை நாக்குக்கு மறைத்துக் காட்டும். எலுமிச்சை புளிப்பைத்தான் கூட்டுமே தவிர, இந்தப் பொருளை அகற்றாது.

கார்டூன் இதே இனத்தின் இன்னொரு வகை. அதில் உண்பது இலைக்காம்பை. இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், நிட்சா மோன்பெர்ராத்தோ ஊர்ப்பக்கத்து உழவர்கள் கசப்பை வயலிலேயே தீர்த்துவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் செடியை வளைத்து மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். வெளிச்சம் படாத காம்பு வெளுத்து, கூன் விழுந்து, பச்சையாகவே கடித்துத் தின்னும் அளவுக்கு மென்மையாகிறது.

எல்லோரும் கசப்பை விரட்டுவதில்லை. இத்தாலியின் சைனார் என்ற மதுபானத்தில் ஆர்டிசோக் இலைதான் பெயருக்கே காரணம்; அதைக் குடிப்பவர்கள் கசப்புக்காகவே குடிக்கிறார்கள்.

எவ்வளவு வேகவைத்தும் நார்

இதற்குச் சமையலறையில் மருந்து இல்லை. வாங்கும்போதே மொட்டைக் காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். கீச்சென்று ஒலித்தால் புதியது. கையில் கனமாக, செதில்கள் இறுக மூடி இருக்க வேண்டும். விரியத் தொடங்கியது நாராகத்தான் இருக்கும். பெரிய மொட்டில் நடுப்பஞ்சைக் கரண்டியால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்; அது நஞ்சல்ல, ஆனால் தொண்டையில் சிக்கும்.

வெளிச்செதில் வெண்கல நிறத்தில் தோல் உரிந்ததுபோல் இருந்தால் ஒதுக்காதீர்கள். அது உறைபனி பட்ட அடையாளம். கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில் வட்டாரத்தில் குளிர்காலத்தில் இப்படி வரும் காய்களைத் தேடி வாங்குபவர்களே உண்டு. உள்ளே சுவை நன்றாகவே இருக்கும்.

ஆய்ந்த பிறகு கை கசக்கிறது, கறுக்கிறது, அரிக்கிறது

கசப்பும் கறுப்பும் மேலே சொன்ன பொருட்கள்தாம். உள்ளங்கையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துக் கழுவினால் கறை மங்கும். கையுறை போட்டால் தொல்லையே இல்லை.

அரிப்பு வேறு. ஆர்டிசோக், சாமந்தி, சூரியகாந்தி, கமோமில் ஆகியவற்றோடு நம் ஊர்த் தரிசுகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். பார்த்தீனியத்தால் தோலில் தடிப்பு வருவதற்குக் காரணமான பார்த்தீனின், சைனரோபிக்ரினைப் போலவே செஸ்குவிடெர்பீன் லாக்டோன். ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்ட உடல் மற்றொன்றையும் எதிரியாகப் பார்க்கலாம். பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர்கள் ஆர்டிசோக்கை வெறுங்கையால் ஆய வேண்டாம். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பிட்ட பிறகு வெறும் தண்ணீர் இனிக்கிறது

இது சமையல்காரரின் குறை அல்ல. உங்கள் நாக்கும் கெட்டுவிடவில்லை. 1934இல் அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் கூட்டத்தில் உயிரியலாளர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. ஏறத்தாழ 250 பேர் அமர்ந்த பந்தியில் ஆர்டிசோக் பரிமாறினார்கள். அதன் பிறகு குடித்த தண்ணீரின் சுவை மாறியிருந்தது என்று சுமார் 60 விழுக்காட்டினர் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது இனித்தது. மற்றவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

1972இல் சுவை ஆய்வாளர் லிண்டா பார்டோஷுக் தம் குழுவினரோடு இதை ஆய்ந்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். கால் பூத்தளத்தின் சாற்றை நாக்கில் பட வைத்த பிறகு குடித்த தண்ணீர், ஆறு அவுன்ஸ் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த அளவுக்கு இனித்தது. நான்கு நிமிடங்களுக்கு மேலும் அது நீடித்தது. காரணம் குளோரோஜெனிக் அமிலத்தின் உப்புகளும் சைனரினும். அவை தண்ணீரை இனிப்பாக்குவதில்லை. நாக்கின் சுவை உணர்வைத் தற்காலிகமாக மாற்றுகின்றன. அந்த நாக்கைத் தண்ணீர் கழுவிச் செல்லும்போது இனிப்பு தோன்றுகிறது.

சமைப்பவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டிசோக்கைச் சுவை பார்த்த வாயோடு அடுத்த குழம்பின் உப்பு, புளி, இனிப்பைத் தீர்மானிக்காதீர்கள். அதைக் கடைசியாகச் சுவையுங்கள். விருந்தில் பரிமாறினால் அதன் பின் எதையும் குடிக்கும் முன் ரொட்டியோ சோறோ ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள். வைன் பரிமாறும் வீடுகளில் துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைனை ஆர்டிசோக்குடன் வைப்பதில்லை. புளிப்பான வெள்ளை வைனே ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்புகிறது

இனுலின் என்பது பிரக்டோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சேர்ப்பதுபோல இந்தக் குடும்பத்துச் செடிகள் இனுலின் சேர்க்கின்றன. அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அவை உண்டு வெளியிடும் வாயுதான் உப்புசம். நுண்ணுயிரிகள் அதோடு பயனுள்ள சிறு கொழுப்பமிலங்களையும் தருகின்றன. ஆகவே இனுலினைப் பகையாகப் பார்க்க வேண்டாம். அளவு பார்த்தால் போதும்.

உப்புசம் மிகக் கடுமையாக இருந்தால் நீங்கள் சாப்பிட்டது ஆர்டிசோக்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெருசலேம் ஆர்டிசோக் என்று விற்கும் கிழங்கு வேறு செடி. வட அமெரிக்காவைச் சேர்ந்த சூரியகாந்தி வகை அது. ஆர்டிசோக் மத்தியதரைக் கடல் நிலத்துச் செடி. அந்தக் கிழங்கில் தண்ணீர் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி இனுலின்தான். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் இரவு முழுவதும் அவதி. எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் தொல்லை கணிசமாகக் குறையும். கொஞ்சம் இனுலின் நீரில் கரைந்து போகிறது. கொஞ்சம் அமிலத்தாலும் சூட்டாலும் உடைந்து பிரக்டோஸ் ஆகிறது.

ஆர்டிசோக் தேநீர் மிகவும் கசக்கிறது. மாத்திரையால் வயிற்று வலி

வியட்நாமின் தா லாட் மலைநகரில் ஆர்டிசோக் வயல்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பயிர் அது. மொட்டு, தண்டு, வேர், இலை எல்லாவற்றையும் அங்கே காயவைத்துத் தேநீராக விற்கிறார்கள். கசப்பு தாங்கவில்லை என்றால் பொட்டலத்தில் இலை மிகுதி. மொட்டும் வேரும் கலந்தது இனிப்பாக இருக்கும். இலைத் தேநீரைச் சில நிமிடங்களில் வடித்துவிட வேண்டும். நிறம் கறுத்தால் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள்.

1954இல் இத்தாலிய வேதியியலாளர்கள் பனிட்சியும் ஸ்கார்பாட்டியும் அமைப்பை விளக்கிய சைனரின், பச்சைச் செடியில் மிகக் குறைவு. வெந்நீரில் இலையைச் சாறெடுக்கும்போது வேறொரு பீனால் இடம் மாறி சைனரின் ஆகிறது. ஆகவே பச்சை இலையை அரைத்துக் குடிப்பதும் இலைக் கஷாயமும் ஒரே பொருள் அல்ல.

ஐரோப்பிய மருந்துகள் முகமை இந்த இலையை, நீண்ட காலப் பயன்பாட்டின் அடிப்படையில், வயிறு நிறைந்த உணர்வு, உப்புசம், வாயு போன்ற செரிமானத் தொல்லைகளுக்கான மரபு மூலிகையாக ஏற்றிருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமான சோதனைகள் சிலவே, சிறியவை. தெரிந்த குறைவும் சொற்பமே. அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது தவறு. பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்கள் இலைச்சாற்று மாத்திரைகளை எடுத்துக்கொள்ளவே கூடாது. இலைச்சாறு பித்தநீர்ச் சுரப்பைத் தூண்டும். வழி அடைபட்டிருக்கும்போது தூண்டுவது ஆபத்து. மாத்திரைக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பூவைக் கொண்டு பால் உறையவைத்தேன்: உறையவில்லை, உறைந்தால் கசக்கிறது

மொட்டைப் பறிக்காமல் விட்டால் ஊதாநிறப் பூ மலரும். அந்த ஊதா இழைகளில் கார்டோசின் என்ற புரதம் அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் செய்யும் வேலையை இவை செய்கின்றன. போர்ச்சுகலின் செர்ரா தா எஸ்த்ரெலா, ஸ்பெயினின் தோர்த்தா தெல் கசார் ஆகிய புகழ்பெற்ற பாலாடைக்கட்டிகள் கார்டூன் பூவால் உறைபவை. விலங்கு ரென்னட் வேண்டாத சைவர்களுக்கு இதைவிடப் பழமையான, சுவையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பால் உறையவே இல்லை என்றால் முதலில் பாலைப் பாருங்கள். மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய நெடுநாள் பால் சரியாக உறையாது. சூட்டில் கெட்ட மோர்ப்புரதங்கள் கேசின் என்ற பால்புரதத்தோடு ஒட்டி நொதிக்கு இடம் விடுவதில்லை. காய்ச்சிய பாலிலும் இதே தடை. பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பாலென்றால் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்தால் கட்டி இறுகும். அடுத்து, நீங்கள் எடுத்தது ஊதா இழையா, அடியிலுள்ள வெள்ளைப் பஞ்சா? பஞ்சில் பயன் இல்லை. நன்கு மலர்ந்த பூவின் ஊதா இழைகளை நிழலில் உலர்த்த வேண்டும். செர்ரா தா எஸ்த்ரெலாவில் உப்போடு இடித்த பூவைத் துணியில் வைத்து அதன் வழியே பாலை ஊற்றுவது பழைய முறை. இடித்ததைச் சிறிது குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்தும் ஊற்றலாம். வெந்நீரில் ஊறவைத்தால் நொதி செத்துவிடும். பால் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில், ஒரு லிட்டருக்குக் கால் கிராம் உலர்ந்த பூ என்ற கணக்கில், ஒரு மணி நேரம் அசைக்காமல் காத்திருங்கள்.

கசப்பு வந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, பூ கூடிவிட்டது. இந்த நொதிகள் பாலை உறையவைத்ததோடு நிற்பதில்லை. கேசினை மேலும் மேலும் வெட்டிக்கொண்டே போகும். அந்தத் துண்டுகளில் சில கசக்கும். இன்னொன்று, பசும்பால். செம்மறிப் பாலிலும் வெள்ளாட்டுப் பாலிலும் இந்த வெட்டு கரண்டியால் எடுக்கும் அளவுக்குக் குழைவைத் தருகிறது. பசும்பாலில் கசப்பு எளிதில் தலைதூக்கும். பசும்பால் மட்டுமே கிடைக்கும் என்றால் பூவைக் குறைத்து, நாள்பட வைக்காமல் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

எண்ணெயில் ஊறிய ஆர்டிசோக் புட்டி: அறிகுறியே இல்லாத குறை

இதுவரை சொன்ன பெரும்பாலான குறைகளில் உயிருக்கு ஆபத்து இல்லை. இதில் உண்டு. ஆர்டிசோக் இயல்பில் புளிப்புக் குறைந்த காய். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது. காற்றில்லாத, புளிப்பில்லாத, அறைச்சூட்டில் இருக்கும் புட்டி, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரிக்கு ஏற்ற இடம். அதன் விதைத்துகள்கள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும். ஐரோப்பாவில் இந்த நுண்ணுயிரியின் நஞ்சால் வரும் பொட்டுலிச நோய் அதிகம் பதிவாகும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருப்பதற்கு வீட்டில் எண்ணெயில் போடும் காய்கறிகள் ஒரு முக்கியக் காரணம்.

மூடி புடைத்திருந்தாலும், திறக்கும்போது காற்று சீறினாலும், எண்ணெயில் குமிழிகள் ஏறினாலும் கொட்டிவிடுங்கள். ஆனால் இவை எதுவும் இல்லாமல், நல்ல மணத்தோடு இருக்கும் புட்டியிலும் நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே தடுப்பதே வழி. சிறு துண்டுகளாக்கி, 5 சதவீத அமிலம் கொண்ட வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்ததில் கொதிக்கவைத்து, புளிப்பு நடுவரை ஏறிய பிறகு, துணியில் நன்றாக உலர்த்தி எண்ணெயில் போடுங்கள். பிஎச் அளவு 4.6க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும் (பிஎச் குறையக் குறையப் புளிப்பு கூடும்). மேலே ஒரு பிழி எலுமிச்சை விடுவது இதற்கு ஈடாகாது. புளிப்பேற்றாமல் வதக்கி எண்ணெயில் போட்டிருந்தால் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

ஐயத்துக்குரிய புட்டியை நுனிநாக்கில்கூடச் சுவைத்துப் பார்க்காதீர்கள். சாப்பிட்டவருக்குச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பொருட்கள் இரண்டாகத் தெரிந்தால், இமை தொங்கினால், வாய் உலர்ந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மீதி இருக்கும் புட்டியை மூடி, ஒரு பையில் கட்டி, உடன் கொண்டு போங்கள்.